படியேறாத ஒன்பது வாரம்

ஜனவரி 9

அன்புள்ள மகனுக்கு,

பெரியப்பா நான் சொல்ல, என் மகள், உன் அக்கா எழுதுகிறாள். இங்கே எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பு எப்படி, குளிர் தாங்குகிறதா என்று எழுது.

உன் கடிதத்தை அக்கா இரண்டு தடவை படித்துக் காட்டினாள். போனில் பேசலாமே என்று கேட்டிருக்கிறாய். என் காதுக்குப் போன் ஒத்துவராது. யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரிதான் கேட்கிறது. அதனால் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுதுகிறாள். நான் சொல்வதைத் திருத்தி எழுதுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். படித்துக் காட்டும்போது என் பேச்சைவிட நன்றாக இருக்கிறது.

உன் குரலைக் கேட்டதும் அப்பா போனை வைத்துவிடுவது எனக்குத் தெரியும். ஒரு தடவை நான் பக்கத்தில் இருக்கும்போதே வைத்தான். 'யாருடா?' என்றேன். 'ராங் நம்பர்' என்றான். ராங் நம்பருக்கு யாராவது கண்ணைத் துடைப்பார்களா?

ஆனால் அவன் நன்றாக இருக்கிறான். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு நான்காம் மாடியிலிருந்து இறங்கி நம் அறைக்கு வருகிறான். எழுபத்திரண்டு படி. நீ இங்கே இருந்தபோது சைக்கிள் நிறுத்தின இடம்தான் இந்த அறை, மோட்டாருக்குப் பக்கத்தில். வீடு காலி செய்து போகிறவர்கள் வாசலில் போட்டுவிட்டுப் போன புத்தகங்களைப் பொறுக்கி உன் அம்மா ஆரம்பித்தது. இன்றைக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு புத்தகம். அறுபது வீட்டில் நாற்பது வீட்டுக்காரர்கள் வந்து எடுக்கிறார்கள். மோட்டார் போடுவது, கேட் பூட்டுவது போக மற்ற நேரமெல்லாம் நான் அங்கேதான். என் கட்டிலும் அங்கேதான் ஒரு மூலையில் கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை உன் அப்பா தேசப்படப் புத்தகத்தைத் தூக்கினான். கதவு மாதிரி இருக்கும் அது. 'இதை எதுக்குடா சுமக்குற? படி ஏறணும்ல' என்றேன். 'இதுல ஒரு பிழை இருக்கு, பார்க்கணும்' என்றான். முப்பது வருஷம் அச்சகத்தில் புரூப் பார்த்தவன், நம்பித்தான் ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்தான். ஒரு பக்கத்தில் பென்சிலால் கடுகளவு புள்ளி. பொதுப் புத்தகத்தில் கோடு போட்டவர்களை அவன் திட்டிய திட்டு எனக்கு மறக்கவில்லை, அவனே புள்ளி வைத்திருக்கிறான். நீலக் கோடு ஒன்று வளைந்து போகிற இடம். அது ஆறு என்று அக்கா சொல்லி, அதன் பேரையும் தனியாகக் கீழே எழுதியிருக்கிறாள். நீ பாலம் கட்டுகிற ஆறுதானா என்று எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. தலையில் அந்த இரும்புத் தொப்பி இல்லாமல் வேலை செய்யும் இடத்துக்குள் போகாதே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா


ஜனவரி 28

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டி வலி குறைந்ததா? அக்காவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அது இந்த ஆறுதான். கடிதத்தைக் கூடாரத்துக்கு வெளியே நின்று படித்தேன். ஆறு எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. கூட இருக்கும் சர்வேயர் 'என்னப்பா, வீட்ல விசேஷமா?' என்று கேட்டார். புள்ளி வைத்திருக்கிறார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அம்மா போனபோது நான் ஆறு நாள் கழித்து வந்தேன். லீவு கேட்கவே நான்கு நாள் தள்ளிப்போட்டேன் என்பது அப்பாவுக்குத் தெரியும். தூண் ஊன்றும் வேலை முடியட்டும், அம்மாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்தானே என்று நினைத்தேன். கதவைத் திறந்த அப்பா 'வேலை முடிஞ்சுதா?' என்று மட்டும் கேட்டார்.

பெரியப்பா, அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். நான் எழுதுவதும் தெரிய வேண்டாம். என்ன புத்தகம் எடுத்தார், எத்தனை நாளில் திருப்பினார், படி இறங்கும்போது மூச்சு வாங்கியதா, இவ்வளவு போதும். இங்கே வாரம் ஒரு முறைதான் தபால் வண்டி வருகிறது. வியாழக்கிழமை. அன்றைக்கு வேலையில் என் கண் நிற்பதில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்


பிப்ரவரி 15

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. அது என்னைவிட்டுப் போகாது, நானும் அதைவிட்டுப் போகப்போவதில்லை. உன் சுகத்துக்கு எழுது.

கேட்டதைச் சொல்கிறேன். போன கடிதத்துக்குப் பிறகு அவன் நான்கு புத்தகம் எடுத்தான். முதலில் 'மொட்டை', அதாவது அட்டை இல்லாதது. மூன்று நாளில் வந்துவிட்டது. அடுத்து 'ஊதினது', மழையில் நனைந்து வயிறு பெருத்ததே, அது. அதற்குப் பத்து நாள். பிறகு பச்சையில் ஒல்லி, அப்புறம் மஞ்சள் ஓரம் எரிந்தது. பேர் எனக்கு எதற்கு? பதினோரு வருஷத்தில் யார் எதை எந்த நாள் எடுத்தார்கள் என்று கேள், சொல்கிறேன். இரண்டாம் மாடி டைப்பிஸ்ட் அம்மா ஊதினதை முதல் தடவை எடுத்தது, குழாய் வெடித்த மறுநாள். திருப்பும்போது உள்ளே ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அதை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன்.

புத்தகம் அடுக்குவதிலும் எனக்கு என் வழி. சிவப்பு கீழே, நீலம் நடுவில், மற்றதெல்லாம் மேலே. ஒவ்வொரு நிறத்திலும் குண்டு இடது பக்கம், ஒல்லி வலது பக்கம். உன் அப்பாவுக்கு இதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

'அண்ணே, சட்டப் புத்தகம் குழந்தைப் பாட்டோட படுத்துக் கிடக்கு.'

'ரெண்டும் சிவப்புதானே.'

'எழுத்து வரிசைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு நாள் லீவு விடு, நான் அடுக்கித் தரேன்.'

'அடுக்கிட்டு நீயே உட்கார்ந்து எடுத்துக் குடு. நான் மாடிக்குப் போய்ப் படுத்துக்கறேன்.'

இதையே பதினோரு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசாவிட்டால் இரண்டு பேருக்கும் அன்றைய சோறு இறங்காது.

மூச்சு கொஞ்சம் வாங்குகிறது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் சுவரில் கை வைத்து நிற்கிறான். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

குடியிருப்புக் கமிட்டிக்குப் புதுச் செயலாளர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், சிரித்த முகம். போன வாரம் டேப் கொண்டுவந்து அறையை அளந்தார். பார்சல் வைக்க இடம் இல்லையாம். வீட்டுக்கு வீடு தினமும் பெட்டி வருகிறது, வாசலில் குவிகிறது. 'அளந்துதான் பார்க்கறோம் பெரியவரே' என்றார். அளப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. நீ இதை நினைத்துக் கவலைப்படாதே.

ராத்திரி வேலை கொடுத்தால் முடியாது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
பெரியப்பா


மார்ச் 5

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும்.

அறையை அளந்ததைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. அறுபது வீட்டுக்கும் அது ஒரு புத்தக அறை. எனக்கு அப்படியல்ல. அம்மா போன பிறகு அப்பா படியிறங்க அந்த ஒரு காரணம்தான் இருக்கிறது. காய்கறி வீட்டுக்கே வருகிறது, மருந்து வீட்டுக்கே வருகிறது. அந்தக் கதவும் பூட்டிக்கொண்டால் அவர் எதற்காக வெளியே வருவார்? அவர் வரவில்லை என்றால் நீங்கள் எனக்கு என்ன எழுதுவீர்கள்?

அறை இருக்கிறது, அப்பா வருகிறார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதைப் படித்தால் போதும்.

கோடைக்குள் நானே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

அன்புடன்,
உங்கள் மகன்


மார்ச் 27

அன்புள்ள மகனுக்கு,

எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

அறை இருக்கிறது. உன் அப்பா வருகிறான். இந்தத் தடவை நீலத்தில் குண்டானதை எடுத்தான், நான்கு நாளில் திருப்பினான். மூச்சு பரவாயில்லை. வழக்கம்போல எழுத்து வரிசை என்றான், நானும் வழக்கம்போலப் பதில் சொன்னேன்.

வேறு விசேஷம் இல்லை. தைக்கிற வேலை நிறைய இருக்கிறது என்று அக்கா அவசரப்படுகிறாள். அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா

தம்பி, இது அக்கா. அப்பா சொன்னது மேலேயே முடிந்துவிட்டது. இதை நானாக எழுதுகிறேன், அவரிடம் படித்துக் காட்டமாட்டேன்.

மேலே இருக்கிற எதுவும் நிஜமில்லை. பதினான்காம் தேதி அறையைப் பூட்டிவிட்டார்கள். புத்தகங்களை மோட்டார் கொட்டகையில் ஈரத்தில் கொட்டியிருக்கிறார்கள். மோட்டார் போட வேறு ஆள் வந்துவிட்டார். அப்பா என் கடையில், துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் இருக்கிறார். இரண்டு தெருதான் தள்ளி, ஆனால் அந்தப் பக்கம் தலை திருப்ப மாட்டேன் என்கிறார்.

அறையைப் பூட்டுவது பற்றிய கமிட்டிக் காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அப்பாவுக்குச் சித்தப்பாவோடு பேச்சு இல்லை. பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். நான் மாடிக்குப் போனேன். சித்தப்பா வாசலில் நின்றபடியே 'என் மேல என்ன கோபம்னு அண்ணனைக் கேட்டுச் சொல்லும்மா' என்றார். அப்பாவிடம் கேட்டேன். 'அது அவனுக்கே தெரியும்' என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் எத்தனை தடவை ஏறி இறங்குவேன்?

சித்தப்பா தினமும் பையில் நான்கைந்து புத்தகமாகக் கொட்டகையிலிருந்து தன் வீட்டுக்குத் தூக்கிப் போகிறாராம். உதவிக்குப் போனவர்களையும் விடவில்லையாம். அப்பாவிடம் சொன்னேன். 'அறையும் போச்சு, புத்தகமும் அவனுக்கா?' என்றார்.

பொய்யை எழுதமாட்டேன் என்றேன். 'நீ எழுதலேன்னா கடை வாசல் அயர்ன்காரர்கிட்ட சொல்லி எழுதிக்கறேன்' என்கிறார். நீ கவலைப்படுவாய் என்றுதான் மறைக்கிறார். நீ சித்தப்பாவுக்கு ஒரு வரி எழுது. இல்லையென்றால் நேரில் வா. நீ வந்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.


ஏப்ரல் 16

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. அறை இருக்கிறது, அப்பா வருகிறார் என்று படித்ததும் பாரம் இறங்கியது. நீலத்தில் குண்டானது எது என்று எனக்கு நினைவிருக்கிறது. அது நம் வீட்டிலிருந்து போன புத்தகம், சின்ன வயதில் நான்தான் அதன் முதுகில் ஒட்டுப் போட்டேன்.

மழைக்கு முன்னால் கடைசித் தூண் ஏற வேண்டும் என்று இங்கே எல்லாரும் ஓடுகிறோம். மழைக்குப் பிறகு லீவு கிடைக்கும். அப்போது பார்க்கலாம்.

இப்படியே எழுதிக்கொண்டிருங்கள். அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மகன்


மே 3

அன்புள்ள மகனுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் அப்பா மூன்று புத்தகம் எடுத்தான். சிவப்பில் நடுத்தரம் ஒன்று, பின்னட்டை கிழிந்தது ஒன்று, மீண்டும் மொட்டை. மொட்டையை எதற்கு இரண்டாம் தடவை என்று கேட்டேன். 'முதல் தடவை பிழை மட்டும் பார்த்தேன், இப்பதான் கதை பார்க்கறேன்' என்றான். சிரித்தோம். டைப்பிஸ்ட் அம்மாவும் அப்போது இருந்தார், அவரும் சிரித்தார்.

வெயில் கடுமை. நிறைய தண்ணீர் குடி.

இப்படிக்கு,
பெரியப்பா

தம்பி, நான் எழுதியதை நீ படித்தாயா? படித்திருந்தால் இப்படிப் பதில் எழுதியிருக்க மாட்டாய் என்று ஒரு மனம் சொல்கிறது. கடிதம் நனைந்து கீழ்ப்பாதி அழிந்திருக்கும் என்று இன்னொரு மனம் சொல்கிறது.

மொட்டை பற்றி அவர் சொன்னதை எழுதும்போது இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நடக்காததை அத்தனை அழகாகச் சொன்னார், சொல்லும்போது சிரிக்கவும் செய்தார். முடித்ததும் மேசைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சித்தப்பா அயர்ன்காரரிடம் கேட்டாராம், 'அண்ணனுக்கு முட்டி எப்படி இருக்கு, படி ஏற முடியுமா?' என்று. ஏற முடியும் என்று அயர்ன்காரர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து சித்தப்பா வாசல் கதவைத் திறந்தே வைக்கிறாராம். சீக்கிரம் ஏதாவது செய்.


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆபீசுக்கு நான்கு தடவை போன் செய்தோம். ஆற்றில் வெள்ளம், பாதை அறுந்துவிட்டது, அக்கரையில் இருப்பவர்களுக்குச் செய்தி போகாது என்கிறார்கள். இந்தக் கடிதம் முன்னால் வருமா, அவர்கள் சொல்வது முன்னால் வருமா தெரியவில்லை.

சித்தப்பா நம்மை விட்டுப் போய்விட்டார். பதினாறாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை. டைப்பிஸ்ட் அம்மா, சித்தப்பாவிடம் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் பத்தரை மணிக்கு மாடிக்குப் போனார். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி கழற்றவில்லை. உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். டாக்டர் வந்து இதயம் என்றார். கஷ்டப்படவில்லை என்றும் சொன்னார்.

அந்த அம்மா புத்தகத்தோடு போகாமல் இருந்திருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ, தெரியாது.

அப்பா மாடி ஏறினார். வேறு எதுவும் இப்போது எழுத வரவில்லை. பத்திரமாக வா. அவசரப்பட்டு ஆற்றைக் கடக்காதே.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள மகனுக்கு,

நீ போய் ஒரு மாதமாகியும் கடிதம் இல்லை, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? அக்கா நலம். குளிர்காலத் துணியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாய், அனுப்புகிறோம்.

நீ ஒன்பதாம் நாள் வந்தாய், நான்கு நாள் இருந்தாய். அந்த நான்கு நாளும் நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன், அவ்வளவுதான். அக்கா கையால் சொல்கிறேன். இதில் ஒரு சொல்லையும் அழகுபடுத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு மார்ச்சிலும் மே மாதத்திலும் எழுதியது பொய். பூட்டிய அறையை நீயே பார்த்தாய், எப்போது பூட்டினார்கள் என்று கேட்கவில்லை. அவன் போன அன்றைக்கு அதைப் பூட்டி ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அந்த ஒன்பது வாரமும் நான் உன் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

சாவி வாங்க வந்த செயலாளர் ஒரு காகிதம் நீட்டினார். 'எல்லாரும் கையெழுத்து போட்டாச்சு பெரியவரே, பாருங்க' என்றார். எழுத்து தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் புதியவர், பதினோரு வருஷம் புத்தக அறை நடத்தியவன் என்று என்னை மரியாதையாகப் பார்த்தார். நான் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே கண்ணை ஓட்டி, படித்தவன் மாதிரி தலையாட்டினேன். கீழே உன் அப்பா கையெழுத்து இருந்தது. அச்சகத்தில் அவன் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும், கடைசியில் கொக்கி மாதிரி வளைந்து மேலே போகும். அதோடு காகிதம் முழுக்க அவனுடைய சிவப்பு மை. அங்கங்கே சுழித்து, கோடு இழுத்து. பூட்டுவதற்கு அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்தேன். நேராக அக்கா கடைக்கு நடந்தேன்.

அவன் போன அன்றைக்கு எழுபத்திரண்டு படியும் ஏறினேன். கூடத்தில் மூன்று சுவரிலும் புத்தகம். சிவப்பு கீழே. நீலம் நடுவில். மற்றதெல்லாம் மேலே. குண்டு இடது பக்கம், ஒல்லி வலது பக்கம். நான் வைத்த மாதிரியே இருந்தது. ஊதினதை மட்டும் மடியில் வைத்திருந்தான்.

மூன்றாம் நாள் டைப்பிஸ்ட் அம்மா சொன்னார். 'எழுத்து வரிசையில அடுக்கலாமே சார்னு கேட்டேன். நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்கன்னேன். அதுக்கு, வந்து எடுத்துக் குடுக்கப் போறவருக்கு எழுத்து தெரியாதும்மான்னார்.'

எனக்குத் தாங்கவில்லை. 'அப்புறம் எதுக்கும்மா பூட்டச் சொல்லிக் கையெழுத்து போட்டான்?' என்றேன்.

'யார் சொன்னது?'

'நானே கண்ணால பார்த்தேன்.'

'பார்த்தீங்க. படிச்சீங்களா?'

அவரிடம் ஒரு நகல் இருந்தது. போய் எடுத்துவந்து படித்தார். மேலே சம்மதம் தருகிறவர்கள் முப்பத்தெட்டு பேர். நடுவில் ஒரு வரி, சம்மதம் இல்லாதவர்கள் என்று. அதற்குக் கீழே ஐந்து பேர். முதல் கையெழுத்து உன் அப்பா. சிவப்பு மை, அந்த அறிவிப்பில் இருந்த பிழைகளைத் திருத்தினது. பிழையோடு ஒரு காகிதம் போவது அவனுக்குப் பொறுக்காது, தனக்கு ஆகாத காகிதமாக இருந்தாலும்.

வாயைத் திறந்து 'இதுல என்ன எழுதியிருக்கு?' என்று யாரையாவது ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். முன்னூற்றுப் பன்னிரண்டு புத்தகத்தையும் அவன் தனியாகச் சுமந்திருக்க மாட்டான்.

உனக்கு உன் அப்பாவின் கடைசி ஒன்பது வாரத்தை நான் பொய்யாகக் கொடுத்தேன். உண்மை தெரிந்திருந்தால் நீ வந்திருப்பாய். அதற்கு நான்தான் காரணம். மன்னி என்று கேட்கவில்லை, சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெரியப்பா


ஜூலை 24

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

அக்கா, இதை நிறுத்தாமல் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டு. எதையும் விடாதே.

பெரியப்பா, எனக்கு உண்மை தெரியும். மார்ச் மாதமே தெரியும். நீங்கள் சொன்னதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள், அறை பூட்டியது, நீங்கள் இரண்டு பேரும் பேசாதது, அப்பா புத்தகம் சுமப்பது, எல்லாம். மே மாதமும் எழுதினாள். கடிதம் நனையவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

படித்துவிட்டு அந்தக் கீழ்ப்பாதியை மடித்துவிட்டேன். மேல்பாதியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் சொன்னதை நம்பினால் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அக்கா சொன்னதை நம்பினால் கிளம்ப வேண்டும், கதவைத் தட்ட வேண்டும், அப்பா வாயால் அதே கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். அதற்குப் பயந்து, மழைக்குப் பிறகு என்று எழுதினேன். உங்கள் பொய் எனக்கு வசதியாக இருந்தது. இப்படியே எழுதுங்கள் என்று கேட்டதும் நான்தான்.

அம்மாவுக்குச் செய்ததையே அப்பாவுக்கும் செய்தேன். அதை நீங்கள் உங்கள் தலையில் சுமக்க வேண்டாம்.

நான்காம் மாடி வீட்டை விற்கப் போவதில்லை. நீங்கள் அங்கே போய் இருங்கள். புத்தகங்களை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள மகனுக்கு,

எல்லாரும் நலம் என்று அக்கா வழக்கப்படி எழுத ஆரம்பித்தாள். அதை அடிக்கச் சொன்னேன். அடித்திருப்பது மேலே தெரியும்.

உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். 'ஏம்மா நிறுத்தின?' என்றேன். 'கண்ணு கூசுதுப்பா' என்றாள். 'கோட்டுக்குப் பொத்தான் காஜா எடுக்கும்போது கூசாத கண்ணா?' என்றேன். பிறகு படித்தாள். தான் எனக்குத் தெரியாமல் எழுதியதையும் தன் வாயாலேயே படித்தாள். முடித்துவிட்டு, 'திட்டுறதுன்னா திட்டிடுப்பா' என்றாள். என்னத்தைத் திட்டுவது? என் அந்த இரண்டு கடிதத்திலும் உண்மை என்று இருந்தது அவள் திருட்டுத்தனமாக எழுதியது மட்டும்தான்.

உன்மேல் கோபம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். இரண்டு நாள் இருந்தது. உனக்காக நான் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டாய் என்பதற்காக மட்டும் நான் மறைக்கவில்லை. அவன் செவ்வாய்க்கிழமை வந்தான், வம்பு பேசினான், சிரித்தான் என்று சொல்லும்போது எனக்கும் அவன் வந்த மாதிரியே இருந்தது. ஆகையால் நீ ஒரு பாதியை மடித்தாய், நான் ஒரு பாதியை இட்டுக் கட்டினேன். நடுவில் அவன் தனியாகப் படி ஏறினான். நம் இரண்டு பேரில் யார் பெரிய குற்றவாளி என்று பேச ஆரம்பித்தால் முடிவே இல்லை. அதை விடு.

நான் மேலே குடிவந்து மூன்று வாரம் ஆகிறது. அவன் கட்டிலில் படுக்க மனம் வரவில்லை, கூடத்தில் படுக்கிறேன். பத்து மணிக்குக் கதவைத் திறக்கிறேன். முன்பு நாற்பது வீடு, இப்போது ஒன்பது. மற்றவர்களுக்கு நான்கு மாடி ஏற முடியவில்லை, குறை சொல்ல முடியாது. அதில் ஒருவரான பல் டாக்டர் ஒரு வாரமாக வரவில்லை. முன்பென்றால் சரி என்று விட்டிருப்பேன். டைப்பிஸ்ட் அம்மாவை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். காய்ச்சலில் கிடந்திருக்கிறார், தண்ணீர் எடுத்துத் தரக்கூட ஆள் இல்லை. இப்போது தேவலை.

எடுத்தவர்கள் பேரெல்லாம் எனக்கு மனதில் பதிந்திருக்கிறது. அந்த ஒன்பது வாரத்தில் யார் என்ன எடுத்தார்கள், அவன் என்ன படித்தான் என்பது மட்டும் தெரியவில்லை. வருகிறவர்களை எல்லாம் கேட்டேன். சிலர் சொன்னார்கள், சிலருக்கு நினைவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே உனக்குச் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். நலமில்லை. முட்டி வீங்கிவிட்டது. மேலே ஏறி வந்தவன் இன்னும் கீழே இறங்கவில்லை. சாப்பாடு பாதிதான் போகிறது. பகலில் யாராவது வந்துகொண்டே இருந்தால் தெரியவில்லை, யாரும் வராத நேரம்தான் கஷ்டம். நீ வந்தால் நன்றாக இருக்கும். மழைக்கு முன்னாலா பின்னாலா என்று நான் கேட்கவில்லை. வராவிட்டாலும், உன் சுகத்தைப் பற்றி எழுதும்போது உள்ளதை எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா

தம்பி, இது அக்கா. இதைச் சொல்லும்போது அப்பா அழுதார். இந்த வரியை எழுதி, அவரிடம் படித்தும் காட்டினேன். அடித்துவிடு என்றார். அடிக்கவில்லை.